ஆட்டின் வயிற்றில் அரைக் கிலோ காடு

அன்பு மகள் ரிகின்திக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், மழையே இல்லாத அந்த ஊரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். ஆட்டைப் பற்றி மட்டும் அப்படி எழுத முடியவில்லை. ஆறு நாள் தெய்வக்காட்டில் சிறையிருந்து நேற்றுத்தான் வெளியே வந்தது.

வேலி அவிழ்ந்து கிடந்த இடம் வழியாக உள்ளே புகுந்து ஒரு காலைப்பொழுது முழுக்க மேய்ந்திருக்கிறது. அந்தக் காட்டிலிருந்து ஒரு சருகுகூட வெளியே வரக்கூடாது என்ற சட்டத்தை முப்பது வருஷமாகக் காப்பவன் நான், பார்க்க வந்த அதிகாரியையே காலணியைக் கழற்றி உதறச் சொன்னவன், அதற்காக என் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். ஊர்த்தலைவர் ஸ்டார்வெல் எல்லைக்கல் அருகே வந்து, "விடுங்க பாஹ், வாயில்லா ஜீவன், ஓட்டிட்டுப் போங்க, யாரு கேக்கப்போறா" என்று தேனாகப் பேசினார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பந்து மைதானத்தில் உட்காரப் படி போட வேண்டுமென்று, காட்டில் சாய்ந்து கிடக்கும் பெரிய மரத்தின் மேல் இரண்டு வருஷமாக அவருக்குக் கண். இன்று என் ஆடு வயிற்றில் இலையோடு வந்தால் நாளை அவர் மரத்தோடு வருவார், மறுநாள் இன்னொருவர் விறகோடு வருவார். அந்த மரம் மக்கிப் பஞ்சாகித் தண்ணீரைப் பிடித்து வைப்பதால்தான் குளிர்காலத்தில் நம் ஊற்று வற்றுவதில்லை என்றால், "சும்மாதானே கிடக்கு" என்கிறார். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை.

ஆகவே தின்றதையெல்லாம் உள்ளேயே வைத்துவிட்டுத்தான் ஆடு வெளியே வரும் என்று ஊர்ச்சபையில் சொல்லிவிட்டேன். பிரம்பில் வாய்க்கூடை பின்னி மாட்டினேன், வேளாவேளைக்கு அதைக் கழற்றி வெளியிலிருந்து கொண்டுபோன புல்லை நானே ஊட்டினேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட ஒரு வாய் ஊட்டினதில்ல" என்றாள் உன் அம்மா. மூன்றாம் நாள் விழுந்த புழுக்கையைச் சபையார் ஐந்து பேரும் குடையோடு வந்து குனிந்து பார்த்து, இது காட்டு இலையா வெளிப்புல்லா என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் உருளைக்கிழங்கு விற்கும் கொங் திலிஸ்தான், "போன சந்தையில இந்த ஆட்டை என் தராசுலதானே நிறுத்தீங்க? பதினெட்டுக் கிலோ. அதுக்கு மேல இருந்தாத்தான் காடு" என்றாள். படித்த யாருக்கும் இது தோன்றவில்லை. தராசு எல்லைக்கல்லுக்கு வந்தது. பதினெட்டரை. அரைக் கிலோ காடு பாக்கி என்று நானே அறிவித்து ஆட்டை உள்ளே இழுத்துப் போனேன். ஸ்டார்வெல் தலையில் கை வைத்துக்கொண்டார். நேற்று நிறுத்தால் பதினேழே முக்கால், குறைந்த கால் கிலோ என் பங்காகக் காட்டுக்கே இருக்கட்டும் என்று ஓட்டி வந்துவிட்டேன்.

அவர் விடுவாரா? "உங்க ஆட்டுக்கு ஒரு நியாயம், என் மரத்துக்கு ஒரு நியாயமா? அதையும் நிறுப்போம்" என்றார். தாராளமாக என்றேன். உள்ளே போனபோது இருந்த எடைக்கு மேல் வரக்கூடாது, அதுதானே ஆட்டுக்கு வைத்த சட்டம்? மரம் உள்ளே போனது ஏதோ ஒரு பறவையின் வாயில், விதையாக. கொங் திலிஸ் தராசுத் தட்டில் ஒரே ஒரு அரிசியைப் போட்டு, "இவ்வளவுதான் தலைவரே, இதுல எத்தனை பேரு உக்காருவீங்க?" என்று கேட்டாள். சபை சிரித்து அடங்கியதும் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டது. மரம் கிடந்த இடத்தில் கிடக்கும். ஸ்டார்வெல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், காதுக்கு நிம்மதி.

இனி உன் விஷயம். நீ அனுப்பிய படத்தில் உன் மேசைமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெரணி இலை இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும் அந்தப் பெரணி தெய்வக்காட்டுக்குள் நம் ஊற்றங்கரையில் மட்டும்தான் முளைக்கும். நீ கிளம்பிய அன்று உன் பையை நான் உதறிப் பார்க்கவில்லை, அது என் தவறு. சபையில் இன்னும் சொல்லவில்லை. தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், எடுத்தவர் கையாலேயே திருப்பி வைக்க வேண்டும். மழைக்காலத்துக்குள் வந்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நீ வரும் தேதியை உன் அம்மா தினமும் கேட்கிறாள். நான் கேட்பது இலையை மட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா ட்ரோலின்