பூதிகோட்டை ரோட்டில் ஜோயல் சொன்னது

ஜூலை 12, சனி

காலையிலேந்து தூறல். பழைய தங்கச் சுரங்கத்து சயனைட் மேட்டு மண்ணு நனைஞ்சு கெடக்கு, வீட்டுக்குள்ள தூசி இல்ல.

வேலைக்கு லீவு. எம்புள்ள ஜோயலோட பழைய சைக்கிள வெளிய எடுத்துத் தொடச்சேன். புதுசு இன்னும் போலீஸ் ஸ்டேஷன்ல, லாரி அடிச்ச கோலத்துலயே. செயினுக்கு எண்ணெய். டயருக்குக் காத்து. சீட்டு எனக்கு ஒயரம். எறக்கலாம்னு ஸ்பேனர் எடுத்தேன். அவன் வெச்ச ஒயரம். விட்டுட்டேன்.

சைக்கிள் கிளப்புலேந்து ஷாலினி திரும்ப போன். "அங்கிள், நாளைக்கு பூதிகோட்டை ரைடு. ஜோயல் போனதுக்கப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே நாங்க போகல. நீங்களும் வாங்க."

நவீன் வருவானான்னு கேட்டேன். வருவானாம். அதுக்காகத்தான் போறேன். அன்னிக்கு எம்புள்ள கூட இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அடக்கத்தன்னிக்கு கல்லறை கேட்டுகிட்டயே நின்னுட்டுப் போனவன். நாலு மாசமா ஆளக் காணோம்.

வீட்டுக்காரி ரெஜினா தடுப்பாள்னு நெனச்சேன். "போங்க. கடைசியா எம்புள்ள இன்னா சொன்னான்னு கேட்டுட்டு வாங்க." அவ்ளோதான். அரிசி களையப் போயிட்டா.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்ல. மூட்டம். ஆண்டர்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுல கூடினோம். ஹெல்மெட்டு, கலர் கலரா ஜெர்சி. எல்லாரும் என் கையப் பிடிச்சாங்க. யாரும் மூஞ்சியப் பாக்கல. நவீன் பக்கத்து பாலகாட் ஏரியாலேந்து லேட்டா வந்து சேந்தான். பின்னாடியே ஓட்டினான்.

மாந்தோப்பு, உழுது போட்ட கேவுரு நெலம். எதிர்ல தக்காளி லாரிங்க. ஒவ்வொண்ணு தாண்டசொல்லவும் கால் பெடல்ல அப்படியே நின்னுடுது. "நிதானா ஹோகோணா அங்கிள்", மெதுவா போலாம்னு ஒரு கன்னடப் பையன் கூடவே வந்தான். அந்த நிதானமே எனக்கு முடியல.

மேட்டுல எறங்கிட்டேன். மத்தவங்க முன்னாடி போயிட்டாங்க. நவீனும் எறங்கி, கூடவே தள்ளிக்கிட்டு வந்தான். ஒரு புளியமரத்துகிட்ட அவனா நின்னான்.

"இங்கதான் அங்கிள்."

ஒன்னும் இல்ல அங்க. புதுசா தார் போட்டிருக்காங்க.

"பேசினானா?"

"இல்ல அங்கிள்."

"தண்ணி கேட்டானா? வலிக்குதுன்னு? எதனா?"

"ஒன்னும் சொல்லல. நான் ஓடி வரதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு."

அழுதான். ஹெல்மெட்டக் கூட கழட்டாம. ஜோயல் வயசுதான். முதுகத் தட்டிக் குடுத்திருக்கலாம். கை போகல. நீ மட்டும் எப்பட்றா நிக்கறேன்னு உள்ள ஓடிச்சு. எழுதவே கூசுது.

பூதிகோட்டைல இட்லி. எனக்குப் பசிச்சுது. சாப்ட்டேன்.

திரும்பி வந்தா வாசல்ல ரெஜினா. சர்ச்சுக்கும் போகல. "இன்னா சொன்னானாம்?"

அந்த மூஞ்சியப் பாத்து ஒன்னும் சொல்லலன்னு சொல்ல முடியல.

"அம்மான்னு கூப்டானாம்."

படியில ஒக்காந்துட்டா. "என்னியா?"

"உன்னத்தான்."

ஜூலை 14, திங்கள்

தொடை ரெண்டும் கல்லு மாதிரி. ரயில்ல நின்னுக்கிட்டே பெங்களூரு. ஆபீஸ்ல யாரோ கேக்கு வெட்டினாங்க.

சாயங்காலம் வந்தா, ரெஜினா தலை சீவி, கொழம்பு வெச்சிருந்தா. எத்தன நாள் கழிச்சு. நல்லதுதான் பண்ணேன்னு ஒரு வாய் சாப்ட்டேன். அதுக்குள்ள சொல்றா: "அவன் கூப்டப்ப நான் இங்க மீனு கழுவிக்கிட்டு இருந்திருப்பேன். என் காதுல விழலியே."

தட்டத் தள்ளி வெச்சுட்டு அழுதா. முன்ன அழுத அழுகை வேற. இது நான் குடுத்தது.

ஜூலை 15, செவ்வாய்

பாஸ்டர் கிட்ட சொல்லிட்டாளாம். பக்கத்து வீட்டு விமலா அக்காகிட்டயும். இனி சொன்னதத் திரும்ப எடுக்க முடியாது. உண்மையச் சொன்னா அவ கிட்ட என்ன மிஞ்சும்.

நவீனுக்கு போன் பண்ணி சொல்லி வெக்கணும். இன்னிக்குப் பண்ணல.

ஜூலை 17, வியாழன்

காத்து. துணியெல்லாம் வெள்ள மண்ணு. போன் பண்ணாமயே இருந்துட்டேன். ரயில் எறங்கி வீட்டுக்கு வந்தா கூடத்துல நவீன். ரெஜினா எதிர்ல ஒக்காந்து காபி குடுத்துட்டிருக்கா. நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள கேட்டுட்டா.

"என்னியக் கூப்டானாமே பா? உன் வாயால ஒரு தடவ சொல்லு."

நவீன் என்னப் பாத்தான். நான் கீழ பாத்தேன்.

"ஆமா ஆன்ட்டி. ரெண்டு வாட்டி கூப்டான்."

அவ அவன் கையப் பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் விடல.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். "எனக்காக சொன்னியா நவீன்? இல்ல நெசமா?" ஹெல்மெட்டு வாரக் கட்டிக்கிட்டே நின்னான். ஏறிப் போயிட்டான்.

ரெண்டு வாட்டி கூப்புடணும்னா உயிர் இருந்திருக்கணும். வலி தெரிஞ்சிருக்கணும்.

உள்ள ரெஜினா குரல். விமலா அக்காகிட்ட.

"ரெண்டு வாட்டியாம் அக்கா."