வரவேற்பாளர் கேட்ட கேள்வி

என் கண்ணம்மாவுக்கு,

ஊர் திரும்பும் எங்கள் பொறியாளரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே, பேச்சை யாரும் ஒட்டுக்கேட்காதபடி மறைக்கும் விபிஎன் என்று தெரிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். அதனால்தான் சாதாரண இணையதளம் பார்ப்பதுபோல அதற்கு வேஷம் போடும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிறன்று நாம் தடங்கலே இல்லாமல் பேசியது அதில்தான்.

மறுநாள் காலை, என்னிடம் அறைச் சாவியை வாங்கிய விடுதி வரவேற்பாளர் கேட்டார்:

“பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா சார்?”

அதுவரை அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. காய்ச்சலைப் பற்றி நான் உன்னிடம் மட்டுமே பேசியிருந்தேன்.

“விட்டுடுச்சு” என்றேன்.

“நல்லது. நேத்து மாதிரியே தினமும் பேசுங்க. உங்க பாஸ்போர்ட் எங்ககிட்ட பத்திரமா இருக்கு.”

இன்றும் கூப்பிடுவேன், கூப்பிடாவிட்டால் சந்தேகப்படுவார்கள். நான் சிரிப்பேன், நீயும் சிரி. எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன்னவன்