காலிபிளவர் குழைய வேண்டும்

டிசம்பர் 2

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் வாண்டுவும் நலம்தானே? போனில் பேச மாட்டேன், எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று நீ சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. லிப்ட் பழுது பார்த்த ரசீதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழகாத கை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். இருபதாம் தேதி சனிக்கிழமை வாண்டு முதல் தடவையாக இங்கே ராத்தங்க வருகிறாள். குடும்ப ஆலோசகர் அம்மா சொன்னது நினைவிருக்கும். மறுநாள் அவள் "பிடிச்சிருக்கு" என்று சொன்னால் இனி மாதம் இரண்டு சனி, ஞாயிறு என்னோடு. மாட்டேன் என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. ஒன்பது வயதுக் குழந்தையின் ஒரு வார்த்தையில் என் தலையெழுத்து இருக்கிறது.

இதுவரை நாலு தடவை பகலில் வந்துபோனாள். நாலு தடவையும் வெறும் ரொட்டியைக் கொறித்துவிட்டு, "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்று செருப்பைத் தேடினாள். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே கேட்கிறாள்.

என்னதான் சாப்பிடுவாய் என்று கேட்டேன். "குளிர் காலத்துல அம்மா செய்வாங்களே, வெள்ளையா, மேல மொறுமொறுன்னு, அந்தப் பாஸ்தா" என்றாள். நானும் பதினோரு குளிர்காலம் சாப்பிட்டவன்தான். அதில் என்ன போடுவாய் என்று யோசித்தால் ஒன்றுமே தெரியவில்லை. இங்கே என்னோடு இருக்கும் டாக்டருக்கும் சமையல் வராது. எழுதி அனுப்புவாயா?

இப்படிக்கு,
வாண்டுவின் அப்பா

&nbsp;

டிசம்பர் 6

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடையில் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டே ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை. பாசத்தினால் அல்ல. என்னிடம் வந்து கேட்டு வாங்க வேண்டிய பொருள் ஒன்று உங்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்தினால். பல்வலி என்று டாக்டரிடம் போனவர், ஒரு கடைவாய்ப் பல்லோடு பெண்டாட்டி பிள்ளையையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தீர்கள். இப்போது வாய் சுகமாக இருக்கிறது, சாப்பாடுதான் இல்லையாக்கும்.

தருகிறேன். ஆனால் சும்மா தர மாட்டேன்.

நீங்கள் வீட்டை விட்டுப் போன வாரம், உங்கள் அக்கா வீட்டில் பதினைந்து பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "அவளுக்குக் கோபம் வந்தா சாப்பாட்டுலதான் காட்டுவா. வேணும்னே உப்பை அள்ளிக் கொட்டுவா. ஒவ்வொரு வாயும் பயந்து பயந்துதான் சாப்பிட்டேன்." வேறொருத்தியோடு போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும், என் கைமேல் பழியைப் போட்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் அக்கா என் கையால் ஒரு வாய் காபி குடித்ததில்லை. போன மாதம் ஒரு விசேஷத்தில் நான் நீட்டிய தட்டை வாங்கி, தொடாமலே பக்கத்து நாற்காலியில் வைத்தார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோபத்தில் நான் கத்தியிருக்கிறேன். கதவை அறைந்து சாத்தியிருக்கிறேன். உங்கள் ஸ்பானரை மூன்றாம் மாடியிலிருந்து வீசியிருக்கிறேன். சமையலில் ஒரு நாளும் கைவைத்ததில்லை. அது உங்களுக்கே தெரியும். அது பொய் என்று அக்காவுக்கு எழுதி, நகலை எனக்கு அனுப்புங்கள். செய்முறை மறு தபாலில் வரும்.

வாண்டுவின் அம்மா

&nbsp;

டிசம்பர் 10

அன்புள்ள உனக்கு,

எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. "அக்கா, அன்றைக்கு ஏதோ மனக்கஷ்டத்தில் அவள் சமையலைப் பற்றிக் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்." போதுமா? பழசைக் கிளறிக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நாள் நெருங்குகிறது. வாண்டுவுக்காக நட்சத்திரம் போட்ட போர்வைகூட வாங்கிவிட்டேன். சீக்கிரம் அனுப்பு.

வாண்டுவின் அப்பா

&nbsp;

டிசம்பர் 13

வாண்டுவின் அப்பாவுக்கு,

"கொஞ்சம் மிகைப்படுத்தி." ஆகா! பொய் என்ற இரண்டெழுத்தை எழுத உங்கள் பேனாவில் மை போதவில்லை. போகட்டும். சொன்ன சொல்லை நான் காப்பாற்றுகிறேன்.

முதலில் ஒரு ரகசியம். அந்தப் பாஸ்தாவில் இருப்பது காலிபிளவர். ஆமாம், "பார்த்தாலே குமட்டுது" என்று வாண்டு சொல்லும் அதே காலிபிளவர்தான். அவள் வருவதற்கு முன்பே இலையையும் தண்டையும் வெளியே கொட்டிவிடுங்கள். கண்ணில் பட்டால் கதை முடிந்தது.

பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். கை நிறைய ஒரு பிடி உப்பு. பயப்பட வேண்டாம், தண்ணீர் கடல்போலக் கரிக்க வேண்டும். நடுத்தரக் காலிபிளவர் ஒன்றைப் பிய்த்துப் போட்டு, கரண்டியால் அழுத்தினால் மாவாக நசுங்கும்வரை வேகவிடுங்கள். கால் மணி நேரமாவது ஆகும். குழைய வேண்டும், அதுதான் கணக்கு. துளைக்கரண்டியால் அதை அரித்து எடுத்துவிட்டு, அதே தண்ணீரில் பாஸ்தாவைப் போடுங்கள்.

அது வேகும்போது அகலச் சட்டியில் நாலு கரண்டி எண்ணெய், வில்லை வில்லையாக நறுக்கிய ஆறு பூண்டுப் பல், கிள்ளிய இரண்டு வரமிளகாய். பூண்டு சிவக்கும் முன்னால் காலிபிளவரைப் போட்டு மசியுங்கள். பூ இருந்த அடையாளமே தெரியக் கூடாது. பாஸ்தா முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே எடுத்து இதில் சேருங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அந்தக் கலங்கல் தண்ணீரில் இரண்டு பெரிய கரண்டி ஊற்றி, அடுப்பைத் தூண்டி, விடாமல் கிளறினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து பால்போலக் குழம்பும். சீஸ் துருவிப் போடுங்கள். மேலே, எண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள். மொறுமொறுப்பு அதுதான்.

அரை மணி நேர வேலை. ஒரு வரிகூட விடாமல் செய்யுங்கள்.

வாண்டுவின் அம்மா

&nbsp;

டிசம்பர் 22

உனக்கு,

நினைத்ததைச் சாதித்துவிட்டாய். சந்தோஷமா?

என்னை அவ்வளவு மடையன் என்றா நினைத்தாய்? ஒரு பிடி உப்பாம். காலிபிளவரைக் கால் மணி நேரம் வேகவைக்க வேண்டுமாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேகவைக்கக் கூடாது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. அதற்கும் மேலே, கொட்ட வேண்டிய கழுநீரைச் சாப்பாட்டில் ஊற்றச் சொல்கிறாய். படித்ததுமே உன் புத்தி எனக்குப் புரிந்துபோயிற்று. உன் பொறிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு முறையாகத்தான் செய்தேன். உப்பு ஒரு சிட்டிகை. காலிபிளவர் விறைப்பாக. தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்தேன்.

அப்படியும் விளங்கவில்லை. பாஸ்தா சப்பென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாண்டு ஒரு பூவை முள்கரண்டியில் குத்தித் தூக்கிப் பார்த்து, "இது காலிபிளவர்தானே?" என்றாள். அப்புறம் தட்டைத் தள்ளியவள்தான். எட்டு மணிக்கெல்லாம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நட்சத்திரப் போர்வையை மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை. நான் கண்டுபிடிக்காத பொறி இன்னும் ஒன்று அதில் இருக்கிறது. அது என்ன என்று மட்டும் சொல்லிவிடு.

அக்காவிடம் நான் சொன்னது ஒன்றும் மிகை இல்லை.

வாண்டுவின் அப்பா

&nbsp;

டிசம்பர் 26

வாண்டுவின் அப்பாவுக்கு,

அப்படி ஒரு பொறி இருந்தது. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் தேதி நான் முதலில் எழுதியது வேறு ஒரு செய்முறை. பாலைக் கொதிக்கவைத்து அதில் எலுமிச்சை பிழியச் சொல்லி எழுதினேன். திரிந்துபோய், நாறிப்போய், டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதும், நீங்கள் அசடு வழிவதும் கண்முன்னால் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. உறையில் போட்டு ஒட்டக்கூடச் செய்தேன். அப்புறம்தான் அந்த மேஜையில் மூன்றாவதாக உட்காரப் போகிறவள் யாரென்று உறைத்தது. கிழித்துப் போட்டுவிட்டு, உண்மையானதை உட்கார்ந்து எழுதினேன். பிழை வரக் கூடாதென்று அன்றைக்கு ஒரு தடவை சமைத்துப் பார்த்தே எழுதினேன்.

நான் எழுதிய தாளை வாண்டு பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். உப்பு, குழைவு, தண்ணீர் மூன்றையும் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் "ஜாக்கிரதை!" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும்தான் அந்தச் சாப்பாடு. மீதியெல்லாம் சும்மா. தான் கள்ளன் பிறரை நம்பான் என்பது சரிதான். ஊருக்காகச் சொன்ன பொய்யை நீங்களே நம்பத் தொடங்கியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? என் பிள்ளை சாப்பிடும் தட்டில் நான் கை வைப்பேன் என்று நினைத்தீர்களே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாக்குச் சமைக்கத் தெரியல, அது பரவாயில்லம்மா. ஆனா 'உங்கம்மா வேணும்னே தப்பா எழுதியிருக்கா'ன்னு அந்த ஆன்ட்டிகிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. நான் இனிமே அங்க போகல." காலிபிளவரை இத்தனை நாள் மறைத்ததற்காக என்னோடும் ஒரு பொழுது பேசவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாலு சனிக்கிழமையும் அவள் வர மாட்டேன் என்றுதான் அழுதாள். "பாவம்டி, அப்பா காத்துட்டிருப்பாரு, போய்ட்டு வா" என்று தலை சீவி அனுப்பியது நான். இந்தத் தடவை ஆலோசகர் அம்மா கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இனியும் திறப்பதாக இல்லை.

வாண்டுவின் அம்மா

&nbsp;

ஜனவரி 11

அன்புள்ள உனக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

நேற்று நீ எழுதியபடியே செய்தேன். ஒரு பிடி உப்பு. காலிபிளவர் குழையக் குழைய. அந்தத் தண்ணீரை ஊற்றிக் கிளறியதும், நீ சொன்ன மாதிரியே பால்போல வந்தது. டாக்டர் கிளினிக்கில் இருந்தாள். தட்டில் போடக்கூடத் தோன்றாமல் அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே சாப்பிட்டேன். பதினோரு வருஷம் நீ இதைக் கிளறும்போது ஒரு தடவைகூட நான் எட்டிப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு மறுபடி எழுதினேன். "பொய்" என்று எழுதினேன், நாலு இடத்தில். நகலை இதோடு வைத்திருக்கிறேன். அக்கா உன்னைப் பார்க்க வருவாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாண்டுவிடம் சொல், அப்பா தப்பை ஒத்துக்கொண்டார், மன்னிப்புக் கேட்கிறார் என்று. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ சொன்னால் வருவாள். ஒரு வார்த்தை போதும்.

வாண்டுவின் அப்பா

&nbsp;

ஜனவரி 15

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடிதமும் நகலும் கிடைத்தன. அக்கா நேற்று வந்தார். காபி கொடுத்தேன், குடித்தார், இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உங்கள் கடிதத்தை நான் பிரிக்கும்போது வாண்டு என் தோள்மேல் சாய்ந்துகொண்டுதான் இருந்தாள். "அப்பா என்னம்மா எழுதியிருக்காரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி, பாஸ்தா எப்படிப் பண்றதுன்னு மறுபடியும் கேட்டிருக்காரு" என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டாள்.

அவளிடம் காய்கறியை மறைத்திருக்கிறேனே தவிர, இதற்கு முன் பொய் சொன்னதில்லை. உறுத்தும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

வாண்டுவின் அம்மா