உருகாத உலோகத்தில் ஒரு நேர்ச்சை

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
12.8.1964

அன்பு மகன் இன்னாசிராஜுக்கு அம்மா வியாகுலம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் தங்கை அமலராணி பள்ளிக்கூட வேலைக்குப் போய் வருகிறாள். காவிரியில் தண்ணீர் நிறைய வந்திருக்கிறது.

அமெரிக்காவில் உன் தொழிற்சாலையிலிருந்து நீ அனுப்பிய பெரிலியம் துண்டு சித்திரையில் வந்தது. அலுமினியத்தைவிட லேசு, எஃகைவிட விறைப்பு, வெள்ளியைவிட விலை, நாளைக்கு நிலாவுக்கு அப்பால் போகிற கலங்களுக்கெல்லாம் இதுதான் எலும்பு என்று பெருமையாக எழுதியிருந்தாய். கடைசியில், இருமல் இன்னும் விடவில்லை என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது.

நோவு வந்த இடத்தை உருவாகச் செய்து மாதாவுக்கு நேர்ச்சையாகப் போடுவது நம் வழக்கம். உன் நெஞ்சுக்கு, நீ அனுப்பிய உலோகத்திலேயே நெஞ்சு உரு செய்துவிடலாம் என்று தோன்றியது. அமலராணி, "வெள்ளியில செஞ்சா போதாதாம்மா?" என்றாள். சும்மா இருடி என்று அவள் வாயை அடைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நகைப் பட்டறை அழகர்சாமி ஆசாரியிடம் கொடுத்துவிட்டு உனக்கும் எழுதினேன். அவர் ஊதுகுழலால் எவ்வளவு ஊதியும் அது உருகவில்லை. "என்னங்கக்கா, உங்க மவனை மாதிரியே பிடிவாதமா இருக்கு" என்று சிரித்தார். பிறகு அரத்தை எடுத்து ஒன்பது நாள் குனிந்து அராவினார். தங்கத்தூளைச் சேர்க்கிற மாதிரி வாயால் ஊதி ஊதிக் கூட்டி, செய்து முடித்த நெஞ்சு உருவோடு, காகிதத்தில் மடித்து அந்தத் தூளையும் கொடுத்தார். மாதா காரியம் என்று கூலிகூட வாங்கவில்லை.

அதற்கப்புறம்தான் உன் பதில் வந்தது. அராவவே கூடாது, தூள் நெஞ்சுக்குள் போனால் ஆளையே தின்றுவிடும், இங்கே முகமூடி இல்லாமல் தொடமாட்டோம் என்று. இதை முதலிலேயே எழுதுவதற்கு என்னடா?

ஓடினேன். ஆசாரி பாயில் கிடந்தார், மூச்சு வாங்கியது. உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். போன வெள்ளிக்கிழமை ஆசாரி போய்விட்டார். அவர் மனைவி ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மவனுக்காவது நல்லாவட்டுங்கக்கா" என்று அழுதாள். நான்தான் கொன்றேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ராஜு, ஒன்பது நாள் அராவின மனுஷன் மண்ணுக்குள் போய்விட்டார். நீ அங்கே மூன்று வருஷமாக இருக்கிறாய். முகமூடி போடுகிறேன் என்கிறாய். பிறகு ஏனடா இந்த இருமல்?

இதற்குப் பதில் எழுதாதே. புறப்பட்டு வா. மாதா உன் மூச்சைக் காக்கட்டும்.

உன் அம்மா,
வியாகுலம்மாள்