துணி அறையில் இரண்டாவது நாற்காலி

அன்புள்ள அக்கா,

போன மாதம் உன்னிடம் போனில் அழுததற்கு நான் வெட்கப்படவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுக்கக் கருவிகள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் பதறி எழுந்து ஓடும் நர்ஸாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். தேநீர் இடைவேளையில் கேன்டீனுக்குப் போகாமல், படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். சுற்றிலும் துணி என்பதால் சத்தம் உள்ளே வராது.

“என்னக்கா, போர்வைக்குள்ள தவமா? வரம் கெடைச்சா எங்களுக்கும் பங்கு குடுங்க” என்று சின்ன நர்ஸ் கிண்டலடித்தாள்.

நேற்று தலைமை நர்ஸே கதவைத் திறந்துவிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“காதுக்கு ஓய்வு குடுக்குறேன் மேடம். இது என்னோட இடைவேளைதான்” என்று உட்கார்ந்தபடியே சொன்னேன். நானா அப்படிப் பேசினேன் என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் கதவைச் சாத்திவிட்டு, “கொஞ்சம் தள்ளி உக்காரு” என்றார். அந்த ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, இடைவேளை முடியும்வரை இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

வெளியே வந்ததும் ஓர் அலாரம் அடித்தது. எந்தப் படுக்கை என்று பார்க்காமலே தெரிந்தது. பழையபடி முதலில் போய் நின்றது நான்தான். இன்று காலை அந்தப் படுக்கையில் இருந்த பெரியவர், ஊசி வலிக்கிறதென்று என்னைத் திட்டினார். காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

துணி அறையில் இப்போது இரண்டாவது நாற்காலியும் கிடக்கிறது. அத்தான் அவருடைய அலுவலகத்தில் எனக்காகச் சொல்லிவைத்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

உன் பிடிவாதக்காரத் தங்கை