சார்ஜ் இல்லை என்றீர்களே

டிரில்லர் குமரேசனை நான் வாசலோடு விரட்டிவிட்டதாக நம் வீதியில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுத்தான் போனார். என் குரல் வீதிவரைக்கும் கேட்டது என்பது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் கோபம் இல்லை. குமரேசனுக்குக் காது மந்தம். கத்தினால்தான் அவரிடம் பேச முடிகிறது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், நீங்கள் 'கான்வென்டு' என்று கூப்பிடுபவள், அடுத்த அறைக்குக் கேட்காமல் பேசப் பழகியவள், அன்றைக்குக் கத்தினேன். எதற்காகக் கத்தினேன் என்பதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

உங்கள் சோலார் பேனல் இப்போது துணி காயப்போடும் கம்பியில் தொங்குகிறது. தார்ப்பாய்த் துணியில் வைத்துத் தைத்த நான்கு கறுப்புத் தகடுகள். மடித்தால் ஒரு நோட்டுப்புத்தகம் அளவுதான். வெயில் ஏற ஏற அந்தத் துணியிலிருந்து டீசலும் பாறைப்பொடியும் கலந்த வாசனை வருகிறது. ஒவ்வொரு வருடமும் மழை ஆரம்பித்து போர்வெல் ரிக் லாரி ஊர் திரும்பும்போது நீங்கள் கொண்டுவரும் வாசனை. நான்கைந்து நாள் குளித்த பிறகும் உங்கள் கழுத்தில் அது இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங் பெரியம்மா, ஊட்டுல கரண்டு இல்லீங்களா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

சித்திரையில் உங்களை ஒடிசாவிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ரிக் அங்கேயே நின்று, ஒப்புக்கொண்ட போர்வெல்களைப் போட்டு முடித்துவிட்டு, ஆடியில்தான் திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்தது. மறுநாளே குமரேசன் உங்கள் பையை எடுத்துக்கொண்டு வந்தார். நான்கு வேட்டி, போர்வை, சவர சாமான், இந்தப் பேனல், அப்புறம் மோதிரப் பெட்டி மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பெட்டியை நான் திறக்கவில்லை. பேனலைத்தான் முதலில் கையில் எடுத்தேன்.

"இது என்ன?"

"வெயில்ல விரிச்சா சார்ஜ் ஏறும்ங்க்கா. காட்டுக்குள்ள கரண்டு ஏது?"

எனக்குச் சுருக்கென்றது. நான் போன் செய்த போதெல்லாம் நீங்கள் எடுக்காததற்கு ஊருக்கு வந்து ஒரே பதில்தான் சொல்வீர்கள். அங்கே கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பார்த்தால் பையிலேயே ஒரு சின்ன மின்சார நிலையம் வைத்திருந்திருக்கிறீர்கள்.

"அப்படியானால் போனுக்குச் சார்ஜ் இருந்ததா?"

குமரேசன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். நான் இன்னும் உரக்கக் கேட்டேன்.

"போனுக்கென்னங்க்கா, அது லாரி பேட்டரில எந்நேரமும் ஏறிக்கும். இது அண்ணனோட காது மிசினுக்குங்க. லாரில சொருகி வெச்சா நம்ம பசங்க இருக்கானுகளே, மிசினைப் புடுங்கிப் போட்டுட்டு அவனவன் போனைச் சொருகிருவானுக. அதான் அண்ணன் தனியா இதை வாங்கி, கேபின் மேல விரிச்சு வெச்சிருவாரு. ஒருத்தனையும் தொட உடமாட்டாரு."

யாருடைய காது என்று கேட்டேன். இந்த முறை நான் கத்துகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அவர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பழுப்பு விதைகள் போல அவை படுத்திருந்தன. பேனலை வெளியே கொண்டுபோய் வெயிலில் விரித்து ஒயரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"ஏழெட்டு வருசமா அண்ணனுக்குக் காது சுத்தமாப் போச்சுங்க. கம்ப்ரஸர் பக்கத்துல நின்னு நின்னு எங்க எல்லாத்துக்குமே இதே கதைதான். மிசின் ஓடறப்போ கையிலதான் பேசிக்குவோம். தோட்டத்துக்காரங்ககிட்டப் பேசோணும்னா அண்ணன் இதை மாட்டிக்குவாரு. போனு மட்டும் ஆகாது. காதுல வெச்சதும் கொய்ங்னு கத்தும்."

"வீட்டில் நான் இதைப் பார்த்ததே இல்லையே!"

"ஊடு வாரதுக்கு முன்னாடி கழட்டி எங்கிட்டக் குடுத்துருவாருங்க." குமரேசன் சிரித்துவிட்டார். "கான்வென்டுக்குத் தெரிஞ்சுதுன்னா அடுத்த வருசம் லாரில ஏற உடமாட்டா, நீயே வெச்சுக்கடா குமரேசாம்பாரு."

நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த காபி டம்ளரை மேசையில் வைக்க முயன்று, மேசைக்கு வெளியே வைத்தேன். விழுந்த சத்தமும் வீதிக்குக் கேட்டிருக்கும். டம்ளரை வீசி எறிந்தேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறு.

நடந்தது இதுதான். அதன் பிறகு எனக்கு வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதிர்ச்சியாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் நீங்கள் எப்போதும் எனக்கு எதிரில்தான் உட்காருவீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பரிமாற வசதியாக இருக்கும் என்றால் கேட்கமாட்டீர்கள். ஒரு நாள் மாலையில் கரண்ட் போனபோது, டார்ச் விளக்கை எடுத்து நேராக என் முகத்தில் அடித்தீர்கள். கண் கூசுகிறது, அந்தப் பக்கம் திருப்புங்கள் என்றேன். "உன்ற மூஞ்சி தெரியோணுமில்ல, கான்வென்டு" என்றீர்கள். அறுபது வயதுக்கு மேல் இது என்ன விளையாட்டு என்று கடிந்துகொண்டேன். உள்ளுக்குள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இப்போது தெரிகிறது, நீங்கள் பார்த்தது என் உதடுகளை.

நான் எது சொன்னாலும் "ஆகட்டும்" என்பீர்கள். இடையில் குறுக்கிட்டதில்லை, மறுத்ததில்லை. என் தங்கைகள் பொறாமைப்படுவார்கள். "மாமா மாதிரி ஒருத்தரு வாய்க்கோணும்க்கா. எங்க ஊட்ல இருக்கறது ஒரு வார்த்தை பேச உடாது." நானும் அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டேன். முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும் நாகரிகம் உங்களிடம் இருப்பதாக விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருந்தீர்கள். அதையாவது கேட்டீர்களா?

ஒடிசாவில் யாரோ ஒரு தோட்டத்துக்காரனுக்காக மாட்டிக்கொண்டீர்கள். எனக்காகக் கழற்றிவிட்டு வந்தீர்கள். இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் என்னால் நம்ப முடியவில்லை.

உங்கள் காது போனது தெரிந்திருந்தால் உங்களை ரிக்குக்கு அனுப்பியிருக்கமாட்டேன். அதில் உங்கள் கணக்கு சரிதான். எழுபது வயதில் என்ன லாரி, பங்காளிகளின் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து என்னுடன் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது நான் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

கடைசியாக நீங்கள் கிளம்பிய காலை. வாசலில் ஜீப் எஞ்சின் ஓடியபடி நின்றது. நீங்கள் படியில் உட்கார்ந்து, குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி நின்றேன். ஜீப்பில் இருந்தவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று தணிந்த குரலில்தான் சொன்னேன். "இந்த வருடம் போக வேண்டாமே. தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது."

நம் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பயம் என்பது என் வாயில் வராத சொல் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுந்தீர்கள், திரும்பினீர்கள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஆகட்டும். வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள்.

சித்திரையில் உங்களைக் கூடத்தில் கிடத்தியபோது நான் அழவில்லை. கல் மனசு, படிச்ச திமிர் என்றெல்லாம் பேசினார்கள். நான் திருத்தவில்லை. அவ்வளவு கெஞ்சியும், கேட்டுக்கொண்டே போய்விட்ட ஒருவருக்காக அழமாட்டேன் என்று தீர்மானித்திருந்தேன். இத்தனை மாதங்களும் அந்தத் தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன், சமைத்தேன், வந்தவர்களுக்குப் பதில் சொன்னேன்.

இப்போது அது கையில் நிற்கவில்லை. நீங்கள் குனிந்திருந்தீர்கள். ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவே இல்லை என்றால், எனக்குப் பயம் உண்டு என்பது இதுவரை யாருக்குமே தெரியாது. சொல்லியும் சொல்லாததாகிவிட்ட அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஒருவேளை பின்கழுத்தில் பட்ட என் மூச்சிலிருந்தே நீங்கள் புரிந்துகொண்டிருக்கலாம். புரிந்தும் போயிருக்கலாம். குமரேசனைக் கேட்டேன், ஜீப்பில் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று. "ஜீப் சத்தத்துல எனக்கெங்கக்கா கேட்டுது?" என்கிறார். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்டுப் போனீர்களா, கேட்காமல் போனீர்களா? வேறு எதுவும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். இரண்டில் எது என்பதை மட்டும் எழுதிப் பதில் அனுப்புங்கள்.