புளியமரத்தடியில் நீ போட்ட வெள்ளை வட்டம்

என் கமலா அக்காவுக்கு,

உன் முதல் திவசத்துக்காக நேற்றே கீழ்பென்னாத்தூர் வந்துவிட்டேன். திருவண்ணாமலையில் தீபக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்துதான் பஸ் ஏறினேன். உன் மருமகள் இன்னும் சாம்பாரில் உப்பைக் கம்மியாகத்தான் போடுகிறாள். திட்டத்தான் ஆளில்லை.

கொக்கு வந்துவிட்டதா என்றுதானே முதலில் கேட்பாய்? வந்துவிட்டது. ஏரிக்கரைப் புளியமரங்களில் கூடு கட்டி அடைகாக்கிறது. ஆனால் முன்னே மாதிரி இல்லை. அப்போதெல்லாம் இலை தெரியாமல் மரமே வெளுத்துப்போய் நிற்கும். இப்போது கிளை கிளையாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"தாய்வீட்டுக்குப் புள்ள பெத்துக்க வந்த பொண்ணுங்கடி இதுங்க" என்பாய். மரத்தடியில் வெடி வைத்த பையன்களை விளக்குமாற்றோடு துரத்தினவள் நீ. குஞ்சு பொரிக்கிற சமயத்தில் செவ்வெறும்பு மரமேறிக் கடித்துவிடும் என்று, கடலைப் பயிருக்கு வாங்கிய டி.டி.டி. பூச்சி பவுடரை ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாகத் தூவுவாய். கோலமாவு மாதிரி விரலிடுக்கில் அளந்து விடுவாய். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தால்தான் உனக்குத் தூக்கம் வரும்.

அப்புறம்தான் முட்டைகள் தாயின் வயிற்றுக்கடியிலேயே நசுங்க ஆரம்பித்தன. ஒரு வருஷம் அலகு கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போன குஞ்சு ஒன்று விழுந்தது, நினைவிருக்கிறதா? வாயை மூட முடியாமல், நீ ஊட்டிய மீனை விழுங்கவும் முடியாமல் உன் மடியிலேயே செத்துப்போனது. "இதோட ஆத்தா கிரகணத்துல வெளிய இருந்திருக்குது. மரத்துல இருக்கிறது எங்க போய் ஒளியும்?" என்று அழுதாய். அண்ணாமலையார் கோயிலுக்கு வந்து விளக்குப் போட்டாய். மறு வருஷம் பவுடரையும் ஜாஸ்தியாகப் போட்டாய்.

கிரகணம் இல்லை அக்கா.

செங்கம் ரோட்டில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம் உன் மரத்தடியில் கிடந்த, பொரிக்காத முட்டைகளைச் சோதனைக்கு அனுப்பியதும் அவள்தான். முட்டைக்குள் அந்த மருந்து இருக்கிறதாம். மண்ணில் போட்டது மழையில் ஏரிக்குப் போய், மீனுக்குள் போய், மீனைத் தின்ற கொக்குக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறதாம். அதனால்தான் முட்டை ஓடு மெலிந்து தாயின் கனத்தைத் தாங்கவில்லை.

"அந்த ஒரு குஞ்சோட அலகுக்கு எது காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஊரே வயல்ல போட்டதுதானே ஜாஸ்தி. ஆனா உங்க அக்கா போட்டதும் ஏரிக்குத்தான் போயிருக்கும்" என்றாள். உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அவளிடம் சண்டை போட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளை பழனி, மாட்டுக்கொட்டகைப் பரணிலிருந்து நீ சேர்த்து வைத்த மூட்டையை இறக்கிவிட்டான். நாளைக் காலையில் படையல் போடுவதற்கு முன்னால் உன் பேரில் எல்லா மரத்துக்கும் தூவப்போகிறானாம். வேண்டாமென்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"அப்போ எங்கம்மாதான் அதுங்களக் கொன்னாங்கன்னு சொல்றீங்களா சித்தி?"

அது விஷமென்று உனக்குத் தெரியாது என்றேன். பையில் எழுதியிருந்ததையெல்லாம் நாம் எங்கே படித்தோம் என்றேன். அவன் காதில் ஏறவில்லை. "அம்மா கடைசியா ஆஸ்பத்திரியில கூட எறும்பைப் பாருடான்னுதான் சொன்னாங்க. அது ஒண்ணுதான் என்கிட்ட கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த மூட்டையை என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. புதைத்தாலும் மண்ணில் அப்படியே கிடக்குமாம், எரித்தாலும் ஆபத்தாம். போகவே போகாத ஒன்றைப் பையில் கட்டி நமக்கு எப்படி அக்கா விற்றார்கள்? அவன் பெண்டாட்டி இப்போது முழுகாமல் இருக்கிறாள். அந்த ஏரி மீனைத்தான் அவளும் ஆசையாகக் கேட்கிறாள். அவளிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

உன்னைக் குற்றவாளியாக்காமல் இதை நிறுத்த வழியிருந்தால் சொல்லேன். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் அவனுக்கு முன்னால் நான் மரத்தடிக்குப் போய்விடுவேன். மூட்டையோடு வந்தான் என்றால் முதல் பிடியை என் தலையில் போட்டுவிட்டுத்தான் மரத்தைத் தொட வேண்டும். தன் அம்மாவைப் பழி சொன்னவள் என்று அவன் என்னோடு பேசாமல் போகலாம். உன் படையலில் எனக்கு இலை போடாமலும் போகலாம். போகட்டும். குஞ்சுகளை எறும்பு கடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன், மரத்துக்கு மரம் நின்று கையாலேயே நசுக்குகிறேன். நீ அவனிடம் கேட்டது அதைத்தானே?

உன் கூடப்பிறந்த வாயாடி,
சரோஜா